வேன் குடித்த சுடுதண்ணீர்

பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைக்குள் ஆறு மைல் ஏறிப்போனால் வரும் தோட்டத்தின் மேல் டிவிஷனில், நாகலெட்சுமியின் வேன் ஒரே பள்ளித் தவணையில் மூன்று தரம் நடுவழியில் கொதித்து நின்றுவிட்டது. முப்பது வயசு ஜப்பான் வேன். அதில்தான் பதினாறு பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடம் போகிறார்கள். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்திலிருந்து பங்களா மேட்டை ஏறிக் கடந்துவிட்டால் அப்புறம் இறக்கம்தான். ஆனால் அந்த மேட்டில்தான் அது மூன்று தரமும் புகைந்தது. மூன்றாம் தரம் தவணைப் பரீட்சையன்று. பிள்ளைகள் நடந்துபோய்ச் சேர்வதற்குள் முதல் பாடம் முடிந்திருந்தது. பெற்றோர் சும்மா இருப்பார்களா? தோட்டத் தலைவர் செல்லசாமி வீடு தேடி வந்து, இரண்டு வாரத்தில் வண்டி சரியாகாவிட்டால் பிள்ளைகளைக் அதே பாதையில் ஓட்டும் கிஷாந்தின் புது வேனுக்கு மாற்றிவிடுவோம், அந்த இரண்டு வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினொரு வருஷம் கொழுந்து பறித்தவள் நாகலெட்சுமி. கூடையை இறக்கிவைத்துவிட்டு லைசன்ஸ் எடுக்கப் போனபோது கேலி செய்தவர்கள்தான் பிற்பாடு தங்கள் பிள்ளைகளை அவளை நம்பி ஏற்றிவிட்டார்கள். அந்த நம்பிக்கைதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. பொம்பளை ஓட்டுகிற வண்டி வேறு எப்படி இருக்கும் என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சு தொடங்கியிருந்தது. கிஷாந்தின் வேனைவிட அந்தப் பேச்சுதான் அவளைச் சுட்டது.

டவுனில் கராஜ் வைத்திருக்கும், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ரிஸ்வி நானாவிடம் மூன்று தரமும் வண்டியைக் கொண்டுபோனாள். கைராசிக்காரர், பொய் சொல்லாதவர். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், மூடியை மாற்றினார், எஞ்சினை ஓடவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கொதித்ததால்தான் தண்ணீர் குறைந்திருக்கிறது என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். தண்ணீர் குறைந்ததால்தான் கொதித்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நாகலெட்சுமிக்கும்தான்.

தோன்றியது ஒரு சனிக்கிழமை, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தபோது. அவள் புருஷன் அழகனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. நைட் ஷிப்ட் வருகிற வாரங்களைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருப்பான். வண்டி நின்ற மூன்று நாளும் அந்த வட்டங்களுக்குள்ளேயே இருந்தன. வாரம் தொடங்கி நாலாம் நாள், அல்லது ஐந்தாம் நாள். வீட்டுக்காரன் வீட்டில் இல்லாவிட்டால் வண்டிக்குக் கோபம் வருமா என்ன?

அழகன் வீட்டில் இருக்கிற நாட்களில் ஒரு வேலை தவறாமல் செய்வான். விடியக்காலைக் குளிரில் வண்டி மக்கர் பண்ணும் என்று, அவள் எழுந்திருக்கும் முன்பே அடுப்பை மூட்டி, கேத்தலில் சுடுதண்ணீர் போட்டு ரேடியேட்டரில் ஊற்றிவிடுவான். பெண்டாட்டிக்குச் செய்கிற உபகாரம் என்று அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"தெனம் எவ்வளவு ஊத்துவீங்க?" என்று கேட்டாள்.

"வாய் வரைக்கும் ஊத்துவேன். ஒரு சின்னக் கேத்தல் பிடிக்கும். காலங்காத்தால வண்டியும் நம்மள மாதிரி ஒரு வாய் கேக்குமில்ல?"

"தெனமும் ஒரு கேத்தலா? அப்ப நேத்து ஊத்துனது எங்க போச்சு?"

அழகன் எட்டி வண்டியைப் பார்த்தான்.

மறுநாள் விடியலில் கேத்தலைத் தொடக்கூடாது என்று அவனைத் தடுத்துவிட்டு, உரச்சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தாள். பனியிலும் மழையிலும் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கிற மண்ணில் எந்த ஈரம் வானத்தது, எந்த ஈரம் வண்டியது என்று யார் கண்டார்? அதனால் மண்ணை விட்டுவிட்டு, போன் வெளிச்சத்தில் குழாய்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, விரலால் தடவிக்கொண்டே போனாள். முன்பக்கம் எல்லாம் காய்ந்திருந்தது. பின்சீட்டுக்கு நேர் கீழே விரல் நனைந்தது. ஜப்பான்காரன் பின்சீட்டு ஆட்களுக்குக் குளிராமல் இருக்க ஹீட்டர் வைத்து, எஞ்சினிலிருந்து அதுவரை சுடுதண்ணீருக்குக் குழாய் இழுத்திருந்தான். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. அந்தக் குழாயின் ரப்பர் முனை கட்டையாக இறுகிப்போய், குளிரில் சுருங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூடேறியதும் ரப்பர் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். டவுனுக்குச் சூடாகப் போய்ச் சேருகிற வண்டியில் ரிஸ்வி நானா எதைக் காண்பார்?

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முனையை ஒரு விரல்கடை வெட்டியெறிந்து, ரப்பர் இன்னும் மெத்தென்று இருந்த இடத்தை இரும்புக் குழாயில் ஏற்றி, புதுக் கிளிப் போட்டு முறுக்கி, ரேடியேட்டரில் வாய் வரை தண்ணீர் நிரப்பி மூடினாள். ரிஸ்வி நானாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். "மூணு தரம் என்ட கைக்கு வந்தும் எனக்கு அம்புடல்ல தங்கச்சி. ஒங்களுக்கு அம்புட்டிருச்சி" என்றார்.

அந்த வாரம் அழகனுக்கு மறுபடி நைட் ஷிப்ட். ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஐந்து நாளும் வேன் பங்களா மேட்டை முனகாமல் ஏறியது. சனிக்கிழமை மூடியைத் திறந்தாள். தண்ணீர் வாய் வரை நின்றது.

கூட்டத்துக்குப் போகும் வழியில் அழகன் ஒரு யோசனை சொன்னான். ரிஸ்வி நானா சரிபண்ணினார் என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு இருக்காது, அவர் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்றான். அது நியாயமான யோசனைதான். நாகலெட்சுமி நடையை எட்டிப்போட்டாள்.

கோயிலடியில் முப்பது பேர் இருந்தார்கள். கிஷாந்தும் வந்து ஓரமாக நின்றான். வண்டி சரியாகிவிட்டதா, ரிஸ்வி நானா எதை மாற்றினார் என்று செல்லசாமி கேட்டார்.

"நானா ஒன்னும் மாத்தல தலைவரே. கண்டுபிடிச்சதும் நாந்தான், சரி பண்ணுனதும் நாந்தான்" என்றாள்.

செல்லசாமி லேசில் விடுகிற ஆள் இல்லை. தினமும் ஒழுகியிருந்தால் தினமும் அல்லவா நின்றிருக்க வேண்டும், மற்ற நாளெல்லாம் எப்படி ஓடியது என்று மடக்கினார். நாகலெட்சுமி தயங்கினாள். சபையில் புருஷனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் கூட்டம் அவள் பக்கமிருந்து நழுவுவது தெரிந்தது.

பின்னாலிருந்து அழகன் எழுந்தான்.

"மத்த நாளெல்லாம் நான் சுடுதண்ணி ஊத்தி ஓட்டைய மறைச்சிக்கிட்டு இருந்தேன் தலைவரே. வெவரம் தெரியாமதான் செஞ்சேன். தப்பு என் மேல" என்றான். பிறகு, யாரும் கேட்காமலேயே, அவளைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னான்: "கராஜுல கண்டுபிடிக்க முடியாதத எம் பொண்டாட்டி வண்டிக்கடியில படுத்துக் கண்டுபிடிச்சா. வேற யாரையாச்சும் நம்புறதுன்னா நம்புங்க. நா அவளத்தான் நம்புறேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, செல்லசாமியும் சிரித்துவிட்டார். பிள்ளைகள் நாகலெட்சுமி வேனிலேயே போகட்டும் என்று அவர் சொன்னதை எதிர்த்து யாரும் பேசவில்லை. நாகலெட்சுமி தலையைக் குனியவில்லை. முப்பது பேர் பார்க்க, நிமிர்ந்தே நின்றாள்.