நோரிஸ் பங்கு முட்டை

வழிபாடு முடிந்து வீடு திரும்பியதும் ஈனிட் முதல் வேலையாக, சமையலறை மூலையில் இருந்த மண்ஜாடியின் மேல் மேசைத்துணியை இழுத்துப் போர்த்தினாள். விருந்தாளி பார்த்துவிடக் கூடாது.

ஜாடி நிறைய முட்டைகள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் முழுவதும் ஒரு முட்டைக்குத் தவம் கிடந்த போர்க்காலம் அது. ஈனிடின் குடும்பமான தாக்ரே வீட்டிலோ ஒரு படைப்பிரிவே உட்கார்ந்து தின்னலாம். கெடாமல் காக்கும் குழகுழப்பான கரைசலில் மூழ்கியிருந்த ஒவ்வொன்றின் மேலும் அம்மா பென்சிலால் எழுதியிருந்தாள்: நோரிஸ்.

போன இலையுதிர்காலத்தில் ஜெர்மனிமேல் குண்டு வீசப் போன விமானம் திரும்பவில்லை. ஈனிடின் தம்பி நோரிஸ் அதில் வால்பக்கத் துப்பாக்கிக்காரன். இனி உயிரோடிருக்க வழியில்லை என்று விமானப்படை முடிவுகட்டிவிட்டது. இன்று உடல் இல்லாமலே நினைவு வழிபாடும் முடிந்தது. அம்மா மட்டும் முடிக்கவில்லை. ஹாலந்தில் எவளோ ஒரு குடியானவளின் பரணில் ஒளிந்துகொண்டு, பாலாடைக்கட்டி தின்றே அவன் கதவில் நுழைய முடியாத அளவு பெருத்துவிட்டான் என்பாள். வழிபாட்டுக்கும் துக்கக் கறுப்பு உடுத்தாமல் பச்சைத் தொப்பியோடுதான் வந்தாள். கொல்லைக் கோழிகள் இட்டதில் ஞாயிறுதோறும் அவன் பங்கு ஜாடிக்குப் போயிற்று. ஜாடி நிரம்பினால் அம்மா இன்னொரு ஜாடி வாங்குவாள். அதுதான் ஈனிடின் பயம். யாராவது அவளை அந்தக் கனவிலிருந்து உலுக்கி எழுப்பிவிடுவார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

விருந்தாளியின் பெயர் பெர்சி. அதே விமானத்தின் வானொலிக்காரன். அன்றைக்குக் காதுவலி என்று மருத்துவர் தரையில் நிறுத்திவைத்ததால் தப்பியவன். அந்தப் பெரிய காதுகளை அசைத்தால் விமானமே தேவையில்லை என்று நோரிஸ் சொல்வதுண்டு.

"காது சரியாயிடுச்சா தம்பி?" என்றார் அப்பா.

"ஆச்சுங்க. மறுபடி பறக்கச் சொல்லிட்டாங்க."

அம்மா தேநீரை ஊற்றினாள். "பாதிரியார் யாரையோ நல்லவன், பணிவானவன்னு பேசினாரு. நீ என் பையனப் பத்திச் சொல்லு."

பெர்சி சிரித்துவிட்டான். "அவனாவது, பணிவாவது! கிளம்பறதுக்கு முன்னால ஆளுக்கொரு முட்டை தருவாங்க. நாங்க ஒருத்தன ஒருத்தன் கேட்டுக்குவோம், 'டேய், நீ திரும்பி வரலன்னா உன் முட்டை எனக்குத்தானே?'ன்னு. தினமும் அதே பேச்சுதான். நோரிஸ் மட்டும், 'எடுத்துக்கடா யானைக்காதா, ஆனா எங்கம்மாகிட்ட குடுத்து வேக வை. இந்த முகாம் சமையல்காரனுங்க வேக வச்சா ஜெர்மன்காரன் தலையில போடத்தான் ஆகும்'பான்."

அப்பா வாயருகே கொண்டுபோன கோப்பை அங்கேயே நின்றது. ஈனிட் மேசைக்கடியில் பெர்சியின் காலை மிதித்தாள். மிதிபட்டது அப்பாவின் கால்.

"வரலன்னா உனக்குன்னு சொன்னானா?" என்றாள் அம்மா.

"சும்மா விளையாட்டுக்குத்தாம்மா…"

"அவன் வாயாலயே?"

"ஆமாம்மா."

அடுப்பில் கரி ஒருமுறை சரிந்தது. அம்மா எழுந்து ஜாடியிடம் போனாள். ஈனிட் போர்த்தியிருந்த துணியை விலக்கி மடித்து வைத்தாள். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, ஜாடிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கழுவினாள். பென்சில் எழுத்து அழியவில்லை. ஊசியால் முனையில் ஒரு துளை குத்தினாள்.

"ஜாடி முட்டைய அப்படியே போட்டா வெடிச்சிடும்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

தண்ணீர் கொதித்தது. சிறுவயதில் நோரிஸ் முட்டையைத் தின்றுவிட்டு, காலி முட்டையோட்டைத் தலைகீழாக, முட்டையை நிறுத்தும் குட்டிக் கிண்ணத்தில் கவிழ்த்து வைத்து, "எனக்கு வேணாம்மா" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வான். முழு முட்டை போலவே இருக்கும். அம்மா லட்சம் தடவையாவது அதில் ஏமாந்திருப்பாள். லட்சம் தடவையும் தெரிந்தேதான்.

பெர்சியின் முன்னால் கிண்ணம் வந்தது.

"என்னால முடியாதும்மா."

"கேட்டது நீதானே? சாப்பிடு."

அவன் கரண்டியால் முட்டையின் உச்சியைத் தட்டித் திறந்தான். மஞ்சள் கரு இளக்கமாக, சரியான பதத்தில் இருந்தது. மெதுவாகத் தின்றான். மற்ற மூவரும் அவனுடைய கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழித்துத் தின்று முடித்ததும் பெர்சியின் கை, தன்னையறியாமல், காலி முட்டையோட்டை எடுத்துக் கிண்ணத்தில் கவிழ்த்து வைத்தது. முகாம் மேசையிலும் நோரிஸ் அதைச் செய்திருக்க வேண்டும். செய்த பிறகுதான் பெர்சி திடுக்கிட்டான். அவன் காதுகள் சிவந்தன.

அம்மா அந்தக் காலி ஓட்டை முழு முட்டையைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"ஆறிப்போகுதேடா," என்றாள்.

பிறகு அலமாரியிலிருந்து, முட்டை ஆறாமலிருக்கப் பின்னிய நீலக் கம்பளிக் குல்லாயை எடுத்துவந்து, முட்டையின் தலையில் மாட்டி இல்லாத காதுவரை இழுத்துவிட்டாள்.