மூன்று லேபில் ஒரு ரத்தம்

தாம்பரத்தில் மூன்று மாத நிம்மதியின் விலை அறுநூறு ரூபாய்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு அதுதான் ரேட். நோய் ஏறினால் அந்த எண்ணும் ஏறும். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை போய், ஊசியில் நாளை ஓட்டிக்கொண்டிருந்த தனசிங்குக்கு ஒரு லேப் போதவில்லை. பெயிண்ட் கடைக்காரர் அல்லவா, மூன்று இடத்தில் கொட்டேஷன் எடுத்தார். இருப்பதில் குறைச்சலாக, ஒன்பது என்று வந்த தாளை மட்டும் டாக்டரிடம் நீட்டினார்.

மனைவி பியூலா மற்ற இரண்டு தாள்களையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள். "இதையும் பாருங்க டாக்டர். இவரு கம்மியா வந்ததத்தான் காட்டுவாரு."

டாக்டர் புரட்டினார். "எப்பவும் ஒரே லேப்லதான் பாக்கணும் சார். உங்க பழைய லேப்ல போன தடவை நாலு, இப்ப பதினாலு. ஊசி கேக்கல. ஸ்கேன் எடுத்துட்டு வேற மருந்து யோசிக்கலாம்."

"ஒம்பதுக்கே முடிச்சிக்கலாமே டாக்டர்."

கடைப் பேரம் போலத்தான் கேட்டார் தனசிங். பிறகு பேனாவை எடுத்து, பழைய லேப் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். பதினாலில் நாலு போக, பத்து நின்றது.