கறுப்பையாவின் காலும் எங்கள் படிவமும்

அந்தப் படிவத்தை வாசிக்காமல்தான் கையெழுத்திட்டேன்.

எங்கள் பிரதேச சபையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நான் ஒருத்திதான். மேசையில் பிரேமிளா என்ற என் பெயர் மூன்று மொழிகளிலும் இருக்கிறது. நான் லீவில் நின்ற வாரத்தில் அந்தத் திட்டம் அவசரமாக வந்துவிட்டது. வறிய ரணவிருக்களின், அதாவது யுத்தத்தில் அரச படையில் நின்றவர்களின், குடும்பங்களுக்குக் கூரைத் தகரம். விண்ணப்பப் படிவத்தைச் சிங்களத்தில் எழுதிய, என் பக்கத்து மேசை நில்மினி, தமிழைத் தன் தொலைபேசியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் திரும்பி வந்தபோது ‘சரிபார்த்தவர்’ என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. நிரப்பினேன்.

அன்றைக்குத் தலைவலி என்று பின்னர் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். தலைவலி இருக்கவில்லை. இந்தப் படிவத்தைத் தமிழில் நிரப்ப எவர் வரப்போகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது லேசாகச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

ஒருவர் வந்தார். வத்தேகமவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அன்னலட்சுமி. அவருடைய கணவர் கறுப்பையா பதினொரு வருடம் இராணுவத்தில் இருந்து, கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே தொழிலாளர் லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்தவர்கள் அன்னலட்சுமியின் பொட்டைப் பார்த்துத் தமிழ்ப் படிவத்தைக் கொடுத்தார்கள். அவரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முத்து முத்தான எழுத்தில் நிரப்பி, மறுநாள் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து, சபை அனுப்பிய கடிதத்தோடு இருவரும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். பாதுகாப்பு அனுமதி கிடைக்கும்வரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றது கடிதம். நான் பைலைத் திறந்து, முதன்முறையாகப் படிவத்தை வாசித்தேன்.

‘முன்னாள் போராளி ஒருவரின் மனைவி என இத்தால் உறுதியளிக்கிறேன்.’

இந்த நாட்டில் ‘போராளி’ என்ற சொல் புலிகளின் பக்கம் நின்றவரைக் குறிக்கும் என்று தெரியாத தமிழர் இல்லை. சபைக்குத் தலைமை வகிக்கும் எங்கள் தவிசாளருக்குத் தமிழில் ஐந்து சொற்கள்தான் தெரியும். வணக்கம், நன்றி, தோசை, வடை. ஐந்தாவது இது. குழுக் கூட்டத்தில் அவர்தான் கண்டுபிடித்தாராம். கைதட்டினார்களாம்.

“நீங்க எழுதும்போது பார்க்கலியாம்மா?” என்று அன்னலட்சுமியிடம் கேட்டேன். கேட்டதும் என் முகம் சூடானது.

“பார்த்தேன் மிஸ். சண்டைக்குப் போனவங்களத்தான் இப்பிடி எழுதுறாங்கன்னு நெனச்சேன். ஆபீஸ் தமிழ் வேற மாதிரித்தானே இருக்கும்.”

“எங்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல,” என்றார் கறுப்பையா.

“நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க.”

“தூங்கல. ஒழுகுற எடத்துக்கு வாளி வச்சுக்கிட்டு இருந்தேன்.”

இராணுவம் கொடுத்த விடுவிப்புப் பத்திரத்தை எடுத்து வைத்தார். நில்மினி எழுந்து வந்து அதைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இதில் படைவீரர் என்றிருக்கிறது. படிவத்தில் மற்றது இருக்கிறது. இரண்டுமே உறுதிப்படுத்தப்பட்ட ஆவணம், அக்கே,” என்றாள் என்னிடம் சிங்களத்தில். “இரண்டும் சரியென்றால் இவர் இரண்டு ஆட்கள்.”

பதினொரு வருடம் பேசிய சிங்களம் கறுப்பையாவுக்கு நன்றாகவே விளங்கியது. கதிரையில் உட்கார்ந்தார். காற்சட்டையைச் சுருட்டி, வாரை அவிழ்த்து, செயற்கைக் காலைக் கழற்றி பைலின் மேல் வைத்தார். அதன் மேல் விளிம்பில் இராணுவ இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது.

“நான் எந்தப் பக்கம் நின்னேன்னு இதுகிட்ட கேளுங்க மிஸ்,” என்றார் என்னிடம். “எனக்கு மறந்திருந்தாலும் இதுக்கு மறக்காது.”

நில்மினி யோசித்தாள். பின்னர் காலைப் பவ்வியமாக இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய், இலக்கம் தெரியும்படி போட்டோ கொப்பி எடுத்து வந்தாள். கொப்பியில் ‘மூலத்துடன் ஒப்பிடப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்தினாள். அதுவரை கறுப்பையா ஒற்றைக் காலோடு காத்திருந்தார். அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நான்தான் மேசையின் கீழே என் இரண்டு பாதங்களையும் இழுத்து மறைத்துக்கொண்டேன்.

பருவமழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அன்று மாலையே கடிதம் எழுதினேன். ‘பிழை படிவத்தில்தான். சரிபார்த்தவர் நான். நான் அதை வாசிக்கவில்லை.’ கடைசி வாக்கியத்தை இருமுறை அழித்து மூன்றாம் முறை அப்படியே விட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தபோது எனக்கு என்மீதே ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் காலை தவிசாளர் கடிதத்தை வாசித்தார்.

“படிவத்தில் பிழை இருக்க முடியாது மிஸ், அதைச் சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது,” என்றார். “பிழை என்றால் புதுப் படிவம் வேண்டும், அதற்கு அடுத்த அமர்வு வேண்டும். அதற்குள் மழை வந்துவிடும். அந்த அம்மாவைச் சிங்களப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் கடிதம் எதற்கு? சும்மா பைல் தடிக்கும்.”

கடிதத்தை நான்காக மடித்து என்னிடமே தந்தார். அன்னலட்சுமியின் தமிழ்ப் படிவத்தையும் பைலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி.

மறுபடி வந்த அன்னலட்சுமிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

“இதுல என்ன மிஸ் போட்டிருக்கு?” என்று கேட்டார்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இரண்டாம் வரியில் “படைவீரர்” என்று அழுத்திச் சொன்னேன்.

“இதயே அப்பவும் போட்டிருக்கலாமே,” என்றார்.

மழைக்கு நான்கு நாள் முன்னதாகப் பன்னிரண்டு தகரங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வாளி இப்போது அடுப்படியில் இருக்கிறது என்று கறுப்பையா தொலைபேசியில் சொன்னார். என் பேரில் கோயிலில் அர்ச்சனை செய்தார்களாம்.

வருட முடிவில் சபையின் ஆண்டறிக்கை வந்தது. தமிழாக்கமும் நில்மினியின் தொலைபேசியுடையதுதான். சரிபார்க்க வேண்டியது நான். இந்த முறை ஒரு சொல் விடாமல் வாசித்தேன்.

‘ரணவிரு குடும்ப உதவித் திட்டம். தமிழ் மொழியில் விண்ணப்பித்தோர்: எவருமில்லை.’

சிங்களப் பக்கத்தோடு இருமுறை ஒப்பிட்டேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழைகூட இல்லை. கையெழுத்திட்டேன்.