பச்சை ஒயர்

இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவில் சுவர் மட்டும் இருக்கிறது, பாடுகிறவள் அங்கே இல்லை, இடது பெட்டியில் கொஞ்சம் வலது பெட்டியில் கொஞ்சம் என்று அவளைப் பிய்த்துப் போட்டதுபோல் பாட்டு வருகிறது, முன்னால் அப்படியில்லை, கண்ணை மூடினால் காலண்டர் ஆணிக்குக் கீழே நின்று பாடுவாள், மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும், எப்போது போனாள் என்று யோசித்தால் மில்தான் வருகிறது, முழு நைட்டு ஷிப்டு, நூற்பு எந்திரங்களின் இரைச்சல், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கையால் பேசுவோம், விரலைச் சுழற்றினால் நூல் அறுந்தது, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ, பதினொரு வருஷம் அப்படிப் பேசிவிட்டு ஒரு விடியற்காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டேன், திரும்பப் போகவில்லை, அதில் எனக்கு வருத்தமுமில்லை, தூக்கம் கிடைத்தது, பகல் கிடைத்தது, பாட்டுதான் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆம்ப்ளிஃபயர் பழசு, மாற்ற வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், என் மனைவி அம்சவேணி துணி மடித்துக்கொண்டே, அத மாத்தறதுக்கு முன்னால காதக் காட்டிட்டு வாங்க, நான் கூப்புட்டா பாதி நேரம் உங்களுக்குக் கேக்கறதேயில்ல என்கிறாள், கேட்காததும் கேட்காததுபோல் இருப்பதும் வேறு வேறு என்று நான் விளக்கப் போகவில்லை, உண்மையில் எனக்குப் பயம், புதுசைப் போட்டும் நடுவில் சுவர்தான் என்றால் போனது காது என்று முடிவாகிவிடும், பழசு இருக்கிறவரை பழி போட ஒன்று இருக்கிறது, அதனால் ஆடி கழியட்டும், தீபாவளி வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன், உக்கடத்தில் ஆம்ப்ளிஃபயர் கடை வைத்திருக்கும் ஜபருல்லா அலுத்துப்போய், ஒரு நாள் ஓட்டிப் பாருங்ணா, புடிக்கலீன்னா எடுத்துக்கறேன் என்று புதுசை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

முதலில் பழசில் ஒரு பாட்டு போடச் சொன்னார், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம், டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன், வாசலில் நின்றபடியே முகத்தைச் சுளித்தார், பின்னால் போய்க் குனிந்தார், இடது பெட்டிக்குச் சிவப்பும் கறுப்பும், வலது பெட்டிக்கு இரண்டும் பச்சை, ஏனுங்ணா, இது எந்தக் கோயில் ஒயரு, என்கிறார், மாரியம்மன் கோயில், எலி பழைய ஒயரைக் கடித்துப்போட்டிருந்தது, முழு நைட்டு முடிந்து வந்து அரைக்கண்ணில் நான்தான், திருவிழாவில் மிஞ்சிய சீரியல் செட்டு ஒயரை வெட்டிப் போட்டேன், எது எதில் போகிறது என்று பார்க்கவில்லை, பாட்டு வந்தது, படுத்துவிட்டேன், அந்தத் தூக்கத்திலிருந்து இப்போதுதான் எழுந்திருப்பதுபோல் இருக்கிறது.

ப்ளஸ்ஸயும் மைனஸயும் மாத்திக் குடுத்திருக்கீங்ணா, ஒரு பொட்டி முன்னால தள்ளறப்ப இன்னொண்ணு பின்னால இழுக்குது, புருசன் பொண்டாட்டியாட்ட, நடுவுல எவ வந்து நிப்பா என்றார், அம்சவேணி சிரித்த சிரிப்பு எனக்கு இரண்டு காதிலும் கேட்டது. பச்சை ஒயரின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றித் திருகினார், அதே ஆம்ப்ளிஃபயர், அதே பாட்டு, நான் கண்ணை மூடக்கூட இல்லை, ஆணிக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள், மூச்சை இழுத்தாள், இத்தனை நாள் எங்கேயும் போகாதவள்போல் விட்ட இடத்திலிருந்து பாடினாள். ஜபருல்லா தன் புதுசைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் யாவாரத்த நானே கெடுத்துக்கிட்டேன், ஒரு டீயாவது குடுங்க என்கிறார், குடித்துவிட்டுப் போனார், பாட்டு ஓடுகிறது, அம்சவேணி ஈரத்துணி வாளியோடு அறைக்குள் வருகிறாள், காது டாக்டருகிட்ட எப்பப் போறீங்க என்று கேட்கிறாள், நன்றாகவே கேட்கிறது, நேராகப் போனால் கொல்லைக் கதவு நாலடிதான், ஆனால் அவள் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நொடி தயங்கி, வாளியை மறுகைக்கு மாற்றி, யாரோ நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.