இனிப்பு இருக்கும் பக்கம்

அந்தச் சீட்டை எப்போது ஒட்டினேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. புட்டியைக் கொடுப்பதற்கு முன்பா, அது காலியாகத் திரும்பி வந்த பிறகா? முன்பு என்றால் தவறு. பிறகு என்றால் பொய். இத்தனை வருடங்களில் இரண்டையும் அத்தனை முறை நினைத்துப் பார்த்துவிட்டதில், இரண்டுமே நடந்ததுபோல இருக்கிறது.

1998 டிசம்பர். தலைச்சோலைக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட். தோல் நீக்கிய கொட்டையைப் புளிக்கப் போடும் தொட்டிக்கு அடுத்த அறையில் நுண்ணோக்கியோடு தங்கியிருந்தேன். தொட்டியில் தானாக வளரும் ஈஸ்ட்தான் எனக்கு வேண்டியது. ஈஸ்ட் செல்லின் சவ்வில், தண்ணீர் மட்டும் நுழையக்கூடிய புரதத் துளைகள் உண்டு. ஆய்வகங்களில் காலங்காலமாக வளர்த்த பல வகைகளில் அவை பழுதாகிவிட்டன என்று அந்த ஆண்டுதான் படித்திருந்தேன். காட்டில் வளரும் ஈஸ்டில் அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க வந்தேன். சார்பிட்டால் என்ற இனிப்புப் பொடியைக் கெட்டியாகக் கரைத்து ஒரு சொட்டு விட வேண்டும். துளை வேலை செய்தால் செல் கண் இமைப்பதற்குள் தண்ணீரை இழந்து சுருங்கும். இல்லையென்றால் மெதுவாக.

தொட்டி வேலை மருதாயியுடையது. புளிக்கும் கொட்டைக்குள் ஒரு குச்சியைச் செருகி எடுப்பாள். குழி மூடிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை. குழி அப்படியே நின்றால் கழுவலாம். முதல் நாள் சாயங்காலம் அவளும் அவள் கணவன் மூக்கனும் நுண்ணோக்கியில் பார்க்க வந்தார்கள்.

"ஏனுங்க சார், இதுக்கு வாயே காணோமே. எதுல தண்ணி குடிக்குது?"

"உடம்பெல்லாம் சின்னச் சின்ன வாசல் இருக்கும்மா. தண்ணி மட்டும் போகும், வரும்."

"உள்ளயா, வெளியயா?"

"எந்தப் பக்கம் இனிப்போ உப்போ அதிகமோ, அந்தப் பக்கம்."

"அப்ப வாசலுக்குப் புத்தி கெடையாதுன்னு சொல்லுங்க." கண்ணை எடுக்காமலே சிரித்தாள். "எங்கூட்டுக்காரராட்டந்தான். இனிப்பு எங்கயோ அங்க போயிருவாரு."

"சும்மா இருக்கறியா நீயி?" என்றான் மூக்கன்.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுங்களும் நம்மளப் பாக்குதுங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் மூக்கன் மட்டும் வந்தான். விடியற்காலையிலிருந்து மருதாயிக்கு வாந்தியும் பேதியும். எஸ்டேட் கம்பவுண்டர் கீழே டவுனுக்குப் போயிருந்தார்.

என் மேசைமேல் ஒரே மாதிரி இரண்டு பழுப்புப் புட்டிகள் நிரம்பியிருந்தன. ஒன்றில் சார்பிட்டால். மற்றதில், வயிறு சரியில்லாமல் காலையில் எனக்காகவே கரைத்து வைத்த உப்பு சர்க்கரை நீர். இரவெல்லாம் மூடுபனி அறைக்குள் நின்றிருந்தது. எதுவும் காயவில்லை. எழுதி ஒட்டிய சீட்டுகள் இரண்டும் பசை விட்டு மேசையில் கிடந்தன. வாசலில் மூக்கன் இருமினான். ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தேன். "கொஞ்சம் கொஞ்சமா குடிக்கச் சொல்லு" என்றேன். ருசி பார்க்கவில்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

நாலு மணிக்குக் காலிப் புட்டியோடு திரும்பி வந்தான்.

"முழுசாக் குடிச்சுட்டாளுங்க சார். பாயாசமாட்டம் இனிக்குதாம். இன்னொண்ணு வாங்கிட்டு வரச் சொன்னா."

"பேதி?"

"நிக்கலீங்க. தண்ணியாவே போவுது. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சுங்க."

உப்பு சர்க்கரை நீர் பாயாசம்போல இனிக்காது. சார்பிட்டால் குடலில் அதிகம் உறிஞ்சப்படாது. அங்கேயே நின்று உடம்பின் தண்ணீரை இழுக்கும்.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மரியஜோசப்பிடம் ஜீப் கேட்கச் சொல்லி அவனை அனுப்பினேன். நுண்ணோக்கியில் குனிந்தபடியே, புட்டியின் அடியில் தங்கியிருந்த சொட்டைப் புது ஈஸ்டின்மேல் விட்டேன். செல்கள் உருண்டையாக, அமைதியாக இருந்தன. கண் இமைப்பதற்குள் அத்தனையும் ஒரே சமயத்தில் சுருங்கின. ஒரு சத்தமும் இல்லை. நான் மலையேறி வந்ததே இந்த விடைக்காகத்தான். துளைகள் நன்றாக வேலை செய்தன.

குப்பனூர் வழியாக இறங்கினோம். பனியில் முன்விளக்கு பத்தடிக்கு மேல் எட்டவில்லை. மருதாயி மூக்கனின் மடியில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. விரல்நுனிகள், வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தன. ஒரு வளைவில் அவள் என்னைப் பார்த்து, "நொம்ப இனிப்புங்க" என்றாள், உபசாரம் சொல்வதுபோல. அவள் கையை எடுத்தேன். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டதும் மடிப்பு அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில், "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்கள். மூக்கன் கையோடு எடுத்து வந்திருந்த புட்டியைச் சட்டென்று தூக்கிக் காட்டினான். அதில் சீட்டு ஒட்டியிருந்தது. உப்பு சர்க்கரை நீர். என் கையெழுத்து. டாக்டர் படித்துவிட்டு, "சரியாத்தான் குடுத்திருக்கீங்க" என்றார். நான் தலையசைத்தேன்.

மருதாயி மறுநாள் காலை இறந்தாள். முப்பத்தொரு வயது. வாந்திபேதி என்று எழுதினார்கள். மூக்கன் எஸ்டேட்டை விட்டுக் கிளியூருக்குப் போனான், மறுமணம் செய்துகொள்ளவில்லை. டவுனில் என்னைப் பார்த்தபோதெல்லாம் கும்பிட்டான். நாலு வருடம் முன்பு இறந்துபோனான். மரியஜோசப் ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். தொட்டியை இடித்துவிட்டார்கள். என் கட்டுரை அச்சாயிற்று. அதில் சொன்னதெல்லாம் சரி. நான் கல்லூரியில் முப்பது வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றேன். அந்தப் புட்டி என்னிடம் இருக்கிறது. சீட்டு இன்னும் விழவில்லை.