மூன்றடித் தோட்டத்துக்குத் தண்ணீர் வந்த வெள்ளிக்கிழமை

மைதிலி வலது கட்டைவிரலால் ஓர் ஆழ்துளைக் கிணற்றை அடைத்துக்கொண்டு நின்றாள். விரலை எடுத்தால் மூன்றடிக்கு இரண்டடித் தோட்டம் முழுகிவிடும். ஏற்கெனவே கரும்புக்காட்டில் அரை அங்குலத் தண்ணீர். மரத்தூளுக்குச் சாயம் ஏற்றி ஒட்டிய புல்தரை ஓரத்தில் பொதபொதவென்று ஊறிக்கொண்டிருந்தது. செம்புக் கம்பியை முறுக்கிச் செய்த தென்னைகளில் இரண்டு, வேர் நனைந்த மரம்போலவே சாய ஆரம்பித்திருந்தன. காலை மணி ஆறரை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் இந்தத் தோட்டம் சேலம் அஸ்தம்பட்டியில் சௌந்திரம் அம்மாளின் மேசைமேல், அவருடைய பொம்மை வீட்டைச் சுற்றிப் பொருந்தியிருக்க வேண்டும். மோகனூரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்.

"ஏனுங்க, பல்லைக் காட்டிட்டு நிக்காதீங்க! கேசிங் எறக்குங்க!"

"கோவிச்சுக்காத புள்ள. நம்ம கணக்குக்கு இது மூணு இஞ்சுத் தண்ணி," என்றான் நந்தகுமார்.

மைதிலியின் கணவன் நந்தகுமார் பதினாறு வருஷமாகத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடுகிறவன். சத்தீஸ்கரில் எட்டு மாதம் துளை போட்டுவிட்டு அப்போதுதான் லீவில் வந்திருந்தான். ரிக்காரன் கண்ணில் நிலம் என்று ஒன்று பட்டுவிட்டால் போதும், தண்ணீர் எங்கே என்று கை பரபரக்கும். பெண் பார்க்க வந்த அன்றே உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு பெண் வீட்டு வாசலைச் சுற்றி நீரோட்டம் பார்த்த ஆள் அவன். அந்த வெள்ளிக்கிழமை விடியலில் மைதிலி குளிக்கப் போயிருந்தாள். மேசையில் கிளுவை வேலி, வாய்க்கால், கரும்பு, தென்னை, தண்ணீருக்குப் பதிலாக ரெசின் ஊற்றி இறுகவைத்த கிணறு எல்லாம் தயாராக இருந்தன. நந்தகுமார் கவட்டைபோல ஒரு ஈர்க்கை ஒடித்து வேலியோரமாக நடத்திப் பார்த்தான். ஈசானிய மூலைக்கு வந்ததும் ஈர்க்கு படக்கென்று குப்புறச் சாய்ந்தது. அப்புறம் அவனை யார் தடுக்க முடியும்? மைதிலியின் குட்டி டிரில்லிங் மிஷினை எடுத்தான். பலகையின் கனம் முக்கால் அங்குலம். ஊசி பலகையைத் தாண்டிப் போனது, மேசையைத் தொடவில்லை. ஊசியோடு ஊசியைப் பற்றவைத்து இறக்கிக்கொண்டே போனான். முதலில் செம்மண் தூள் வந்தது, பிறகு கருங்கல் மாவு, ஐந்தாவது ஊசியில் புகையடங்கித் தண்ணீர். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். ஓட்டையும் இல்லை, ஈரமும் இல்லை. பூனை படுத்திருந்தது.

மைதிலி பதினோரு வருஷமாகப் பொம்மை வீடுகளுக்குத் தோட்டம் போடுகிறாள். சென்னைக்கு, புனேக்கு, கடல் தாண்டியும் அவளுடைய தோட்டங்கள் போயிருக்கின்றன. ஓர் அங்குலம் ஓர் அடி என்பது அளவு. பஞ்சை அரைத்துச் செடி, தேங்காய் நாரில் கோரை, வேப்பம்பூக் காம்பில் முருங்கை. முடிந்ததும் ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு பலகை அடிப்பாள்: "மைதிலி, மோகனூர்." ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, சௌந்திரம் அம்மாளுக்குச் செய்த முதல் தோட்டம் வரும்வரை. அது நாலாம் நாளே பார்சலில் திரும்பியது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "இது சரிப்படலை சாமி. வேற ஒண்ணு செய். அதுவும் சரிப்படலைன்னா பெங்களூருல சொல்லிக்கிறேன்." காரணம் எழுதவில்லை. கேட்க மைதிலிக்கு மனம் ஒப்பவில்லை. அதே தொழில் செய்யும் பெங்களூருக்காரன் ஒருவன் அவள் வேலையைக் கொலுவுக்குப் போடும் பார்க் என்று நெட்டில் எழுதியிருந்ததும் அவளுக்குத் தெரியும். இரண்டாவது தோட்டத்துக்கு அவள் இன்னும் பெயர்ப் பலகை அடிக்கவில்லை. சரி என்று அந்த அம்மாள் வாயால் சொன்ன பிறகுதான் அடிப்பது என்று இருந்தாள்.

நந்தகுமார் பேனா ரீஃபில் குழாயை வெட்டிக் கேசிங்காக இறக்கினான். அதன் வாயில், ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூபில் உருளும் திருகைப் பொருத்தினான். தண்ணீர் குறைந்தது, நிற்கவில்லை. சத்தம் கேட்டு மைதிலியின் மாமனார் குமாரசாமி உள்ளே வந்தார். அவருக்கு நாலு ஏக்கர் வெள்ளாமைக் காடு. அதில் ஐந்து போர், ஐந்திலும் தண்ணீர் விழாமல் வெறும் புகை; கடைசியாகப் போட்டது ஆயிரத்து இருநூறு அடி. மருமகள் செய்வதைப் பதினோரு வருஷமும் சொப்பு விளையாட்டு என்றுதான் அவர் சொல்லிவந்தார். மேசையருகே வந்தவர் நின்று பார்த்தார். பிறகு, காட்டில் இறங்குகிறவர்போல, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"கரும்புக்குப் பாஞ்சது போதும் அம்மணி. மடையத் தென்னைக்குத் திருப்பு."

மைதிலி தீக்குச்சியால் மடையைத் திருப்பினாள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. வளைவில் உடைக்கவில்லை, மேட்டில் தேங்கவில்லை. சாய்ந்த தென்னைகளின் பாத்தியை நிரப்பி, கடைசி முருங்கைவரைக்கும் ஒழுங்காக நடந்து போனது. யார் கண்ணுக்கும் தெரியாத அந்தச் சரிவை, வெறும் அழகுக்கான வாய்க்காலில், மைதிலி அரை நூல் அரை நூலாகத் தேய்த்து வைத்திருந்தாள்.

"வாட்டம் பாத்து வெட்டியிருக்குது," என்றார் குமாரசாமி. "எங்கப்பன் வெட்டுன வாய்க்கால்லகூட கடைமடைக்கு இப்படிப் போனதில்லைடா நந்தா."

"அப்ப இது சொப்பு வெளையாட்டு இல்லீங்களா மாமா?" என்றாள் மைதிலி.

"நேரமாச்சு, வண்டிய எடுங்க," என்றார் அவர்.

கடைமடையிலிருந்து ஒரு டியூப், டியூபின் நுனியில் வாளி, வாளியைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் குமாரசாமி. ராசிபுரம் தாண்டி ஒருமுறை, மல்லூரில் ஒருமுறை வண்டியை நிறுத்தி வாளியைச் சாலையோரப் புளியமரத்துக்கு ஊற்றினார்கள். சேலத்தைத் தொடும்போது சாயமரத்தூள் ஒரு நூல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சாய்ந்த தென்னைகள் தாமாகவே நிமிர்ந்திருந்தன. ஒன்றில் கடுகளவு குரும்பை. இவ்வளவையும் இப்போது எப்படி விளக்குவது, பொம்மை வீட்டுக்காரர்களுக்குச் சொட்டச் சொட்ட ஒரு தோட்டத்தை யார் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே மைதிலி குழாய்த் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். பெங்களூருக்காரன் சிரிப்பது காதில் கேட்டது.

பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தோட்டம் மேசையேறியது. சௌந்திரம் அம்மாள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்; சிரித்து யாரும் பார்த்ததில்லை. மரத்தைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்க்கவில்லை. நேராகத் தண்ணீர் கொட்டுகிற மூலைக்குப் போய்ச் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"நல்ல தண்ணி," என்றார். "இது போதும் சாமி. பலகைய அடி."

மைதிலி பலகையை அடித்தாள். கடைமடை டியூபை ஜன்னலுக்கு வெளியே துளசித் தொட்டிக்கு விட்டுவிட்டுத் திரும்பினார்கள். வழியெல்லாம் குமாரசாமி, வண்டி நின்ற இடத்திலெல்லாம், டீக்கடைக்காரரிடம்கூட, தன் மருமகள் காட்டில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஓடியது. என்ன ரெசின் போடுகிறீர்கள் என்று கேட்டுப் பெங்களூருக்காரன் எழுதினான். தண்ணீர் என்று மைதிலி உண்மையையே பதில் எழுதினாள், அவன் நம்பவில்லை. அவள் செய்த ஒவ்வொரு தோட்டத்துக்கும் லீவில் வரும்போது நந்தகுமார் பாயின்ட் பார்த்துத் துளை போட்டான். பத்தொன்பதில் நாலில்தான் தண்ணீர் விழுந்தது, மற்றதெல்லாம் புகை. எம்-சீல் வைத்து அடைத்தார்கள். தொழிலில் அது சகஜம். குமாரசாமியின் நாலு ஏக்கர் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் காட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் அவர் நெஞ்சை நிமிர்த்தி, "இருக்குதுங்க. மூணடிக் காட்டுல," என்பார்.

போன மாதம் ஒரு காலையில் சௌந்திரம் அம்மாள் போன் செய்தார்.

"மொதத் தோட்டத்தை எதுக்குத் திருப்பி அனுப்பினேன்னு நீ கேக்கவே இல்லியே சாமி?"

"மனசு வரலீங்கம்மா."

"எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துது. அந்தப் பொம்மை ஊட்டுக்குக் குடி வந்தவங்களுக்குத்தான் புடிக்கல. மூட்டை முடிச்சோட வந்து கெணத்துல வாளிய உட்டாங்க, டங்குன்னுச்சு. தண்ணியில்லாத ஊட்ல எப்படிப் பால் காச்சறதுன்னு வந்த வழியே போயிட்டாங்க. நீ ரெண்டாவது கொண்டாந்த வெள்ளிக்கிழமைதான் மறுபடி வந்து பால் காச்சினாங்க."

மைதிலி பென்சிலை எடுத்தாள்.

"எத்தனை பேருங்க?"

"நாலு பேரு. இப்ப எருமை ஒண்ணும் புடிச்சாந்திருக்காங்க. தென்னையில கட்றாங்க, மரம் ஆடுது. அதுக்குத்தான் கூப்புட்டேன்."

"அய்யோ, கட்டுத்தறி போடாம உட்டுட்டனே!" என்றாள் மைதிலி. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எருமையின் உயரம் எத்தனை அங்குலம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.