ரயீஃபின் முற்றத்தில் இரண்டு நாற்காலிகள்

ரயீஃப் இறந்துபோன செய்தியை எவாந்தியா தாங்கிக்கொண்டாள். மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தவன், எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு அவன் மகள் திஜேன் தொலைபேசியில் சொன்னதுதான் தலையில் இடியாக விழுந்தது.

"அத்தை, போன வியாழக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாரு. காணாமப் போன உங்க அண்ணன் பியெரிஸ் எங்க வீட்டுக் கொல்லையில, அந்தப் பாழுங்கிணத்துலதான் இருக்காராம். எங்க பெரியப்பாதான் கொன்னு போட்டிருக்காரு. அப்பாவுக்கு அன்னைக்கே தெரியுமாம்."

திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"பன்னெண்டு வருஷமா அவன்கிட்ட கேட்டேனேடி."

"தெரியும் அத்தை. நானும் பக்கத்துலதானே இருந்தேன்." திஜேன் அழுதுகொண்டிருந்தாள். "நாளைக்கு மதியத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். எவாந்தியா வந்து அவ வாயால சொல்ற வரைக்கும் என்னைத் தூக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. வருவீங்களா?"

எவாந்தியா தொலைபேசியை வைத்தாள். ரயீஃப் என்ன சொல்லச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் எத்தனை சாவு பார்த்தவள். பெட்டியை மண்ணுக்குக் கொண்டுபோகுமுன், தொழுகை நடத்தும் ஹோஜா கூட்டத்தைப் பார்த்து மூன்று முறை கேட்பார். இறந்தவர்மேல் உங்களுக்கு உள்ள பாத்தியதையையெல்லாம் விட்டுக்கொடுத்தீர்களா, பொருந்திக்கொண்டீர்களா என்று. கூட்டம் மூன்று முறை பொருந்திக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவன் ஒருவன் இருந்தாலும் போகிறவனுக்கு நிம்மதி இல்லை.

லார்னகாவிலிருந்து காரை ஓட்டிவந்த மகன் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தான்.

"உன் மூஞ்சியப் பாத்துப் பன்னெண்டு வருஷம் பொய் சொன்ன ஆளும்மா. காப்பி வேற குடுத்திருக்கான். அவனுக்கு நீ எதுக்கு மன்னிப்புக் குடுக்கணும்? கெடக்கட்டும் வெயில்ல."

"வாயைக் கழுவுடா. செத்தவனைப் பத்திப் பேசுற."

"நம்ம மாமாவும் செத்தவர்தானே?"

சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அவள் மட்டும் நடந்து அந்தப் பக்கம் போனாள். துருக்கியர் பக்கம் கால் வைக்கமாட்டேன் என்று மகன் சபதம் எடுத்திருந்தான். அவன் பிறப்பதற்கு முன்பே சைப்ரஸ் தீவை வடக்கே துருக்கியர், தெற்கே கிரேக்கர் என்று பிளந்தாயிற்று. பிளந்தபின் பிறந்தவர்களுக்குத்தான் கோபம் அதிகம், அது என்ன கணக்கோ தெரியவில்லை.

அந்தப் பக்கம் ஒரு வாடகைக்காரில் ஏறி ஊர்ப்பெயரைச் சொன்னாள். பழைய பெயரைச் சொல்லி, ஓட்டுநர் விழிக்க, புதிய பெயரைச் சொன்னாள்.

அவளும் ரயீஃபும் ஒரே மாதம் பிறந்தவர்கள். அவள் பிறந்ததும் அம்மா டைபாய்டு காய்ச்சலில் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு வெதியா, ரயீஃபின் தாய், ஒரு பக்கம் தன் மகனையும் மறுபக்கம் இந்தக் கிறிஸ்தவக் குழந்தையையும் போட்டு நாற்பது நாள் பால் கொடுத்தாள். ஒரு பால் குடித்ததுகள் கூடப்பிறந்ததுகள்தான், இதுகளுக்குள் கல்யாணம் ஆகாது என்று அன்றைக்கே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ரயீஃப் பதினாறு நாள் மூத்தவன். அதை வைத்துக்கொண்டு அவன் பண்ணின அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. "அண்ணான்னு கூப்பிடுடி" என்பான். "பதினாறு நாளுக்கெல்லாம் அண்ணா கிடையாது, போடா" என்பாள்.

எழுபத்துநாலில் துருக்கிப் படை வந்தபோது கிரேக்கர்களெல்லாம் தெற்கே ஓடினார்கள். பியெரிஸ் மட்டும் ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினான். வரவே இல்லை. அதன்பிறகு தலைநகரில் இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கைகுலுக்கிக் கைகுலுக்கிக் கிழவர்களானார்கள். இருபத்தொன்பது வருஷம் கழித்து ஓர் ஏப்ரல் மாதம் திடீரென்று சாவடியைத் திறந்துவிட்டார்கள். முதல் வாரமே எவாந்தியா வந்து நின்றாள். ரயீஃப் ஐம்பது வயதிலேயே கிழவனாகியிருந்தான். அவளைப் பார்த்ததும் முற்றத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அதிலிருந்து வருஷம் தவறாமல் ஆகஸ்டு மாதம் வருவாள். கொல்லைப்புற முற்றத்தில் எதிரெதிரே இரண்டு பிரம்பு நாற்காலி. அவள் தன் இஷ்டத்துக்கு எதிலாவது உட்காரப் போனால் அவன் விடமாட்டான். "இங்க வெயில் அடிக்கும், நீ அதுல உக்காரு" என்று கிணற்றுக்கு முதுகு காட்டி இருக்கும் நாற்காலியில் உட்கார வைப்பான். மேகம் மூடிய நாளிலும் அதே வெயில் கதைதான். காப்பி முடியும் சமயம் அவள் கேட்பாள்: "பியெரிஸ் பத்தி ஏதாவது காதுல விழுந்துதா?" அவன் அவளைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வான்: "இல்லடி."

வாடகைக்காரில் இதை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவி, என் அண்ணனுக்கு முதுகைக் காட்டி என்னை உட்கார வைத்தாயே என்று வாய்விட்டே சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தான்.

ஆனால் அவள் கோபம் முழுக் கோபம் இல்லை. அதில் ஓர் ஓட்டை இருந்தது. ஐம்பத்தொரு வருஷமாக அந்த ஓட்டையை அவள் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

அறுபத்துநாலு, இரண்டு இனமும் அடித்துக்கொண்ட குளிர்காலம். ரயீஃபின் அப்பா கியாமில் தலைநகருக்குப் போய்விட்டு ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். துப்பாக்கி வைத்த கிரேக்கப் பையன்கள் வழியில் மறித்து அவரை இறக்கினார்கள். அவ்வளவுதான், ஆள் இல்லை. அன்று ராத்திரி பூட்சில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருக்க பியெரிஸ் அடுப்படிக்குள் வந்தான். "சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால" என்று அவன் அப்பாவிடம் சொன்னதையும், அப்பா ஓங்கி அறைந்ததையும் எவாந்தியா போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். அவளுக்கு அப்போது பதினோரு வயது. காலையில் அப்பா அவள் தாடையைப் பிடித்து, "நீ ஒண்ணும் கேக்கல" என்றார். அவளும் கேட்காதவளாகவே இருந்துவிட்டாள்.

வெதியா அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய் நிற்பாள். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் எவாந்தியாவை அணைத்துத் தலையைத் தடவிவிடுவாள். பால் கொடுத்தவள் தலையைத் தடவ, குடித்தவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். இதைவிடப் பெரிய துரோகம் உண்டா என்று எவாந்தியா தன்னைக் கேட்டுக்கொள்ளாத வருஷம் இல்லை. கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததுதான் மிச்சம்.

பள்ளிவாசல் முற்றத்தில் கல்மேடை மீது பெட்டி இருந்தது, பச்சைத் துணி போர்த்தி. தொழுகை முடிந்து ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் சைப்ரஸ் மரத்தடியில். திஜேன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோஜா புதியவர், கடல்தாண்டி வந்த இளைஞர். கணீரென்று கேட்டார்: "இவரை எப்படிப்பட்டவரா அறிவீங்க?"

"நல்லவரா அறிவோம்."

"இவர் மேல உள்ள பாத்தியதை எல்லாத்தையும் பொருந்திக்கிட்டீங்களா?"

"பொருந்திக்கிட்டோம்."

மூன்று முறை ஆயிற்று. ஹோஜா கையை உயர்த்தினார். நான்கு பேர் பெட்டிக்குத் தோள் கொடுக்கக் குனிந்தார்கள்.

"நில்லுங்க ஹோஜா," என்றாள் திஜேன். "ஒருத்தங்க இன்னும் சொல்லல."

ஹோஜா எவாந்தியாவைப் பார்த்தார். அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "அம்மா வேற மதம் போல இருக்கே..."

முன்வரிசையிலிருந்து தடியூன்றிய ஒரு கிழவர் சிடுசிடுத்தார். "நீ நேத்து வந்தவன் தம்பி. அவ எங்க ஊர்ப் பொண்ணு. வெதியா பால் குடிச்சு வளந்தவ. கேளு அவளை."

ஹோஜா அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். ஊரே திரும்பியது.

எவாந்தியா திஜேனின் கையை விடாமல் பெட்டிக்கு அருகே போனாள். சொல்லக்கூடாது என்று ஒரு மனம் சொன்னது. போ, சுமந்துகொண்டே போ, நான் நாற்பத்தொரு வருஷம் சுமந்ததை நீயும் சுமந்து பார். ஹோஜா இரண்டாம் முறை கேட்டார். அவள் உதடு பிரியவில்லை. மூன்றாம் முறை அவர் குரல் தயங்கியது.

"நான் சொன்னா செல்லுமான்னு தெரியல," என்றாள் அவள், ஊரின் பழைய துருக்கிப் பேச்சில். "கியாமில் எங்கன்னு எனக்குத் தெரியும். சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால. அதைச் செஞ்சவங்கள்ல எங்க அண்ணனும் ஒருத்தன். பதினோரு வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். நான் சொல்லல."

திஜேனின் கை அவள் கையிலிருந்து நழுவியது.

எவாந்தியா பச்சைத் துணிமேல் உள்ளங்கையை வைத்தாள். "பொருந்திக்கிட்டேன், ரயீஃப். பொருந்திக்கிட்டேன். பொருந்திக்கிட்டேன், அண்ணா. நீ பொருந்திக்கிறியான்னு உன்னைக் கேக்க வழியில்லாமப் போயிட்டியேடா."

தடியூன்றிய கிழவர்தான் முதலில் அசைந்தார். "தூக்குங்கப்பா," என்றார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் எவாந்தியா வீட்டு முற்றத்துக்கு வந்தாள். உள்ளே போகத் துணிவில்லை. நாற்காலிகள் இரண்டும் பழைய இடத்திலேயே கிடந்தன. தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பலகை போட்டு மூடிய கிணற்றைப் பார்த்தபடி நின்றாள்.

திஜேன் காப்பித் தட்டோடு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"பாட்டி சாகுற வருஷம் வரைக்கும் பஸ்ஸுக்குப் போய் நின்னாங்க. கால் வராதப்போ நாற்காலி கொண்டுபோய்ப் போட்டு உக்காந்தாங்க."

எவாந்தியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களைப் பொருந்திக்கிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல அத்தை."

"சொல்லாதடி. அது வெதியா சொல்ல வேண்டியது. நீ சொல்லக்கூடாது."

"நாளைக்குக் காணாமப் போனவங்களைத் தேடுற குழுவுக்குப் பேசுறேன். ஒரு இடம்னு சொல்லியிருந்தேன். ரெண்டு இடம்னு சொல்றேன்." காப்பியை நீட்டினாள். சர்க்கரை போடாதது, எவாந்தியாவுக்குப் பிடித்த மாதிரி. பிறகு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். எதிரே நேராகக் கிணறு இருந்தது. "அப்பா எப்பவும் இதையேதானே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"ஆமா."

"அந்தக் காளவாய் எங்க இருக்கு அத்தை? இங்கேருந்து தெரியுமா?"

எவாந்தியா திஜேனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். முற்றத்துச் சுவருக்கு அப்பால், தேவாலயக் குன்றின் சரிவில், இடிந்த வட்டச் சுவர் ஒன்று வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது.

"உங்க அப்பா முதுகுக்குப் பின்னால," என்றாள். "பன்னெண்டு வருஷம் நான் அதைப் பாத்துக்கிட்டுத்தான் காப்பி குடிச்சேன்."

திஜேன் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, அப்பாவின் நாற்காலியைத் தூக்கிக் குன்றைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். எவாந்தியாவின் நாற்காலியைக் கிணற்றைப் பார்க்கத் திருப்பினாள். முதுகும் முதுகும் உரச இருவரும் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் குடித்தார்கள்.